ஸ்கேன் படங்களைப் பொருத்த: பல கோர் சிபியுவா, ஜிபியுவா?

இரண்டு ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது நேரத்தைத் தின்பது ஒரே வேலைதான்: ஒவ்வொரு வாக்சலையும் (முப்பரிமாணப் படத்தின் ஒரு புள்ளி) நகர்த்தி, அங்கே என்ன மதிப்பு வரும் என்று சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளிலிருந்து கணிப்பது. 256×256×256 படத்தில் ஒரு சுற்றுக்கே 1.68 கோடி முறை. ஒரு வாக்சல் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

எம்ஆர்ஐயோடு சிடியைப் பொருத்தும்போதுதான் சிக்கல். கூட்டு ஹிஸ்டோகிராம் வேண்டும்: ஒரு படத்தின் எந்த மதிப்போடு மற்றதன் எந்த மதிப்பு எத்தனை முறை சேர்ந்து வருகிறது என்று எண்ணும் அட்டவணை. ஜிபியுவில் ஒரே நேரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான த்ரெட்கள் அட்டவணையின் ஒரே கட்டத்தில் எழுத முண்டியடிக்கும். கணினியின் முதன்மைச் சிப்பான சிபியுவில் கோருக்கு ஓர் அட்டவணை கொடுத்து, அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

வெறும் சுழற்சி, இடப்பெயர்ச்சி என்றால் நான் சிபியுவோடு நிறுத்திக்கொள்வேன். மூச்சில் நெளியும் நுரையீரலுக்கு ஜிபியுதான். சரி, ஆனால் சுற்றுக்குச் சுற்று படத்தை சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் இடையே நகலெடுத்தால் கிடைத்த வேகம் அதிலேயே கரைந்துவிடும்.