ஆஸ்டரிஸ்க் சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க: எஸ்என்எம்பியா, ஏஎம்ஐயா, ப்ரொமீதியஸா?

தொலைபேசி சர்வர் முழுதாக விழுந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். உண்மையான தொல்லை அரைகுறை உயிரோடு இருக்கும் சர்வர்தான். அழைப்புகளைக் கையாளும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும், சிபியு அமைதியாக இருக்கும், பிங் போட்டால் பதில் வரும். ஆனால் ட்ரங்க் (தொலைபேசி நிறுவனத்துக்கான இணைப்பு) பதிவு அறுந்துபோய் வெளியழைப்பு ஒன்றுகூடப் போகாது. இல்லையென்றால் அழைப்பு இணையும், ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காது.

அதனால் இங்கே உள்ள ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன். இந்த நிமிடம் ஓர் அழைப்பு போகுமா, போனால் பேச்சு கேட்குமா என்பதை இந்த வழி எனக்குச் சொல்கிறதா? கண்காணிக்க நான் திறந்த இந்தக் கதவு வழியே வேறு யாராவது நுழைந்து அழைப்பு போட முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தொலைபேசி சர்வரில் ஒரு கடவுச்சொல் கசிந்தால் தகவல் மட்டும் போவதில்லை. கட்டணம் அதிகமான எண்களுக்கு இரவோடு இரவாக அழைப்புகள் போய், பில் உங்கள் பெயரில் வரும்.

எஸ்என்எம்பி

நெட்வொர்க் கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டு வாங்கும் பழைய, நம்பகமான வழி. சுவிட்ச், ரவுட்டர், யுபிஎஸ் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரு கண்காணிப்பு மென்பொருள் எஸ்என்எம்பியில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், இந்த சர்வரையும் அதே வரிசையில் சேர்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆஸ்டரிஸ்கில் இதற்கென ஒரு மாட்யூல் இருக்கிறது. ஆஸ்டரிஸ்கைத் தொகுக்கும்போதே நெட்-எஸ்என்எம்பி நூலகம் சர்வரில் இருந்திருந்தால்தான் அது கிடைக்கும். அமைப்புக் கோப்பில் துணை ஏஜென்ட்டாக இயங்கச் சொல்லிவிட்டால், சர்வரின் முதன்மை எஸ்என்எம்பி சேவையோடு ஏஜென்ட்எக்ஸ் என்ற நெறிமுறை வழியாகப் பேசும்.

மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். ஏஜென்ட்எக்ஸ் சாக்கெட் பொதுவாக ரூட் பயனருக்கு மட்டுமே திறந்திருக்கும், ஆஸ்டரிஸ்க் ஓடுவதோ தனிப் பயனராக. எல்லாம் சரியாக அமைத்தது போலவே தெரியும், ஆனால் ஆஸ்டரிஸ்குக்கான பகுதியில் ஒரு மதிப்பும் வராது. எஸ்என்எம்பி சேவையின் அமைப்பில் அந்த சாக்கெட்டின் அனுமதியை மாற்றினால் தீர்ந்துவிடும்.

சரி, வந்தபின் என்ன கிடைக்கிறது? சர்வர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, இப்போது எத்தனை அழைப்புகள், இதுவரை கையாண்டவை எத்தனை, சேனல்களின் (அழைப்பின் ஒவ்வொரு முனைக்குமான இணைப்பு) பட்டியல். ட்ரங்க் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. பேச்சின் தரம் பற்றியும் ஒன்றும் இல்லை. முதல் கேள்வியில் தோற்றுவிடுகிறது.

இரண்டாவதில் நன்றாகவே தேறுகிறது. வாசிக்க மட்டும் அனுமதித்த எஸ்என்எம்பி வழியே யாரும் அழைப்பு போட முடியாது. ஆனாலும் 1, 2சி பதிப்புகளில் கம்யூனிட்டி சொல் (கடவுச்சொல் போன்றது) நெட்வொர்க்கில் வெளிப்படையாகவே போகிறது. சர்வர் வேறு இடத்தில் இருந்தால் மறையாக்கமும் பயனர் சரிபார்ப்பும் உள்ள 3-ஆம் பதிப்புதான் சரி. சர்வர் தானே அனுப்பும் எச்சரிக்கையான டிராப்பை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 162-ஆம் போர்ட்டுக்கு யுடிபியில் போகும் அந்த எச்சரிக்கை வழியில் தொலைந்துபோனால், தொலைந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

ஏஎம்ஐ

ஆஸ்டரிஸ்கின் மேலாண்மை இடைமுகம் இது. 5038-ஆம் டிசிபி போர்ட்டில் இணைந்து, வரிவரியாகக் கட்டளை கொடுத்து, வரிவரியாகப் பதில் வாங்கலாம். நிகழ்வுகளும் அதே இணைப்பில் வந்துகொண்டே இருக்கும். கிடைக்கும் விவரத்தின் ஆழத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

முக்கியமாக, பேச்சின் தரம் இங்கேதான் கிடைக்கிறது. அழைப்பு நடக்கும்போதே குரல் பாக்கெட்டுகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று சொல்லும் ஆர்டிசிபி அறிக்கைகள் நிகழ்வுகளாக வரும். அவற்றில் ஜிட்டர் (பாக்கெட்டுகள் வரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்), இழந்த பாக்கெட்டுகள், போய்வரும் நேரம் இருக்கும். இழப்பு விகிதத்தைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. ஆர்டிசிபி தரப்படி அது சதவீதம் இல்லை, 256-இல் ஒரு பங்கு. 13 என்று வந்தால் 13 சதவீதம் போய்விட்டது என்று பதற வேண்டாம். அது ஏறத்தாழ 5 சதவீதம்தான். 5 சதவீதமும் காதுக்குத் தெரியும் அளவுதான், அது வேறு விஷயம். இன்னொன்று, போன்கள் இரண்டும் சர்வரை விட்டுவிட்டு நேரடியாக ஒன்றோடொன்று குரலை அனுப்பும்படி அமைத்திருந்தால் இந்த அறிக்கைகள் சர்வருக்கு வரவே வராது.

இனி இரண்டாவது கேள்வி. ஏஎம்ஐ பயனருக்கு வாசிப்பு, எழுத்து என இரண்டு உரிமைகள் உண்டு. எந்தெந்த நிகழ்வுகள் வரும் என்பதை வாசிப்பு தீர்மானிக்கிறது, எந்தெந்தக் கட்டளைகளைக் கொடுக்கலாம் என்பதை எழுத்து தீர்மானிக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி அமைப்புகளில் பாதிக்கு மேல் இரண்டிலும் எல்லா உரிமையையும் அள்ளிக் கொடுத்திருக்கும். அந்தப் பயனரின் கடவுச்சொல் கையில் இருந்தால் ஒரிஜினேட் கட்டளையால் எந்த எண்ணுக்கும் அழைப்பு போடலாம். கண்காணிப்புக்கு இது தேவையே இல்லை. இரண்டு இடத்திலும் ரிப்போர்ட்டிங் வகுப்பை மட்டும் கொடுங்கள். சர்வரின் நிலையையும் நடக்கும் சேனல்களையும் கேட்க அது போதும், ஆர்டிசிபி நிகழ்வுகளும் அதே வகுப்பில்தான் வருகின்றன. கூடவே எல்லா முகவரிகளையும் தடுத்து, கண்காணிக்கும் கணினியின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள்.

வாசிப்பைக் குறைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்லா நிகழ்வுகளையும் கேட்டால், டயல்பிளானில் (அழைப்பை என்ன செய்வது என்று சொல்லும் விதிகள்) ஓடும் ஒவ்வொரு வரிக்கும், மாறும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு செய்தி வரும். அழைப்பு அதிகமான நேரத்தில் அது வெள்ளம்தான். நீங்கள் தேடும் இரண்டு வரிகள் அதில் அடித்துக்கொண்டு போய்விடும்.

5038-இல் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. டிஎல்எஸ் போட்டு 5039-இல் திறக்கலாம். நான் அதையும் வெளியே திறக்கமாட்டேன், வயர்கார்டு விபிஎன் சுரங்கத்துக்குள் மட்டும்தான்.

ஆஸ்டரிஸ்கின் இன்னோர் இடைமுகமான ஏஆர்ஐ பற்றியும் கேட்பார்கள். 12-ஆம் பதிப்பில் வந்த இது, அழைப்புகளை இயக்கும் செயலி எழுதுபவர்களுக்கானது. வாசிக்க மட்டும் என்று பயனரை அமைக்கலாம், ஜேசனில் அழகாகப் பதில் வரும். ஆனால் கண்காணிப்புக்காக மட்டும் இதை இயக்குவதில் அர்த்தம் இல்லை.

ப்ரொமீதியஸ்

ப்ரொமீதியஸ் என்பது அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் கண்காணிப்பு மென்பொருள். இப்போதைய ஆஸ்டரிஸ்க் பதிப்புகளில் அதற்கான மாட்யூல் உள்ளேயே வருகிறது. அமைப்புக் கோப்பில் இயக்கி, ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ஆஸ்டரிஸ்கின் எச்டிடிபி சர்வரையும் இயக்கிவிட்டால் 8088-ஆம் போர்ட்டில் அளவீடுகள் தயார். தொலைவில் இருக்கும் ப்ரொமீதியஸ் அவ்வப்போது வந்து எடுத்துக்கொண்டு போகும்.

இந்த இழுக்கும் முறையில் ஒரு பெரிய நன்மை. சர்வர் பதில் சொல்லாவிட்டால் அந்த மௌனமே பதிவாகிறது: அப் என்ற அளவீடு 0 ஆகிவிடும். எச்சரிக்கை அனுப்ப சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிராப்பில் இருந்த ஓட்டை இங்கே அடைபட்டுவிடுகிறது.

வெளிப் பதிவுகளின் நிலையும் இதில் வருகிறது: பதிவாகியிருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒவ்வொரு எண்ட்பாயிண்டுக்கும் (போன் அல்லது ட்ரங்க்) 2 என்றால் இணைப்பில் இருக்கிறது, 1 என்றால் இல்லை, 0 என்றால் தெரியவில்லை. தொடக்கத்தில் சொன்ன ட்ரங்க் பிரச்சினையை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடும் ஓர் எச்சரிக்கை விதியை ஒரே வரியில் எழுதலாம். எஸ்என்எம்பியில் முடியாதது இது. ஏஎம்ஐயில் முடியும், ஆனால் நாமே நிரல் எழுதி, அறுந்த இணைப்பை மீண்டும் கட்டி, பராமரிக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. நடக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி அளவீடு வருகிறது, அதன் லேபிளில் சேனலின் பெயரும் அடையாளமும் இருக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் அடையாளம் புதிது, ஆகவே ஒவ்வோர் அழைப்பும் ப்ரொமீதியஸில் ஒரு புதிய தொடராகிவிடும். நாளுக்கு ஆயிரக்கணக்கில் அழைப்பு வரும் சர்வரில் இது தரவுத்தளத்தை ஊதிப் பெருக்கிவிடும். சேனல் வாரியான நிலையும் கால அளவும் நமக்கு வேண்டாம், மொத்த எண்ணிக்கை போதும். எடுக்கும்போதே ரீலேபிள் விதியால் அவற்றைக் கழித்துவிடுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம் எச்டிடிபி சர்வர். ப்ரொமீதியஸுக்காக அதைத் திறந்தால் ஏஆர்ஐ, வெப்ஆர்டிசி வெப்சாக்கெட் என அதன்மேல் ஏறியிருக்கும் மற்றவையும் சேர்ந்தே திறக்கும். ஆஸ்டரிஸ்க் கட்டளைத்திரையில் எச்டிடிபி நிலையைக் கேட்டால் எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று பட்டியல் தரும். தேவையில்லாத மாட்யூல்களை இறக்கிவிட்டு, சுரங்கத்தின் முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைப்பது நல்லது. பேச்சின் தரம் இங்கும் கிடைக்காது. அதற்கு ஏஎம்ஐதான்.

வெளியிலிருந்து ஒரு தட்டு

மேலே சொன்ன மூன்றும் சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்வது. வெளியில் இருக்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதை சிப் என்ற அழைப்பு நெறிமுறையின் ஆப்ஷன்ஸ் கோரிக்கைதான் (இருக்கிறாயா என்று கேட்பது) சொல்லும். சிப்சாக் போன்ற சின்னக் கருவி போதும். பதில் 200 ஆகத்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அடையாளம் கேட்டு 401 வந்தாலும், 404 வந்தாலும், சிப் அடுக்கு உயிரோடு இருக்கிறது என்றே பொருள். பதிலே வராததுதான் ஆபத்து.

இதில் ஒரு பொறி உண்டு. திருட்டு ஸ்கேனர்களும் இதே ஆப்ஷன்ஸைத்தான் அனுப்புகின்றன. சர்வரில் சந்தேகமான முகவரிகளை அடைக்கும் ஃபெயில்2பேன் இருந்தால், நிமிடத்துக்கு ஒரு முறை தட்டும் உங்கள் கணினியையும் திருடன் என்று நினைத்து அடைத்துவிடலாம். பிறகு நள்ளிரவில் சர்வர் விழுந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும், எழுந்து பார்த்தால் அழைப்புகள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். கண்காணிக்கும் முகவரியை முதலிலேயே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எதை எடுப்பது

புதிதாக அமைப்பவருக்கு என் தேர்வு ப்ரொமீதியஸும் வெளியிலிருந்து ஆப்ஷன்ஸும். இரண்டும் சேர்ந்தால் முதல் கேள்வியின் பெரும்பகுதிக்குப் பதில் கிடைக்கிறது, இரண்டிலும் அழைப்பு போடும் அதிகாரம் இல்லை. குரல் தரம் பற்றிப் புகார் வரும் இடம் என்றால் ரிப்போர்ட்டிங் உரிமை மட்டும் உள்ள ஏஎம்ஐ பயனரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்என்எம்பி ஏற்கெனவே இருக்கிறதா, வட்டு, நினைவகம், நெட்வொர்க் கார்டு ஆகியவற்றைப் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். அழைப்பு விஷயத்தில் அதை நம்ப வேண்டாம்.

எச்சரிக்கைகளைக் கொஞ்சமாக வையுங்கள். சிபியு 80 சதவீதம் தாண்டியது என்று ஆளை எழுப்பத் தேவையில்லை. ட்ரங்க் இரண்டு நிமிடமாகப் பதிவில் இல்லை, ஆப்ஷன்ஸுக்கு மூன்று முறை தொடர்ந்து பதில் இல்லை, வழக்கமாக அழைப்பு ஓடும் நேரத்தில் எண்ணிக்கை 0, வழக்கமாக ஓடாத நேரத்தில் திடீரென்று ஏறுகிறது: இந்த நான்கும் எழுப்ப வேண்டியவை. நான்காவது, கசிந்த கடவுச்சொல்லின் முதல் அறிகுறி.

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் இருப்பது ஒருவழிக் குரல். அதற்கு உண்மையான அழைப்பு ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. பேசியதைத் திருப்பி அனுப்பும் எக்கோ எண் ஒன்றை டயல்பிளானில் வைத்து, வெளிக் கணினியிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் அழைத்து, அனுப்பிய பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணுக்கு அழைக்கும் பயனரை வேறு எந்த எண்ணுக்கும் போக முடியாத கான்டெக்ஸ்டில் (டயல்பிளானின் தனிப் பகுதி) வையுங்கள், அந்த அழைப்புகளை மாதாந்திரக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.