பிலடெல்பியா டிஏ அலுவலகத்தின் டாஷ்போர்டு: பயன்படுத்துபவரின் மதிப்புரை

பிலடெல்பியாவில் டிஏ, அதாவது நகரத்தின் தலைமை அரசு வழக்கறிஞர், லாரி கிராஸ்னர் பெயரை எடுத்தால் போதும், நம்மவர்கள் வீட்டு விருந்துகூட இரண்டு கட்சியாகிவிடும். "போலீஸ் பிடித்தவனையெல்லாம் விட்டுவிடுகிறார்" என்பார் ஒருவர். "ஏழைக்கு இப்போதுதான் நியாயம் கிடைக்கிறது" என்பார் இன்னொருவர். இந்த வாக்குவாதத்துக்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்து திறப்பது, அவருடைய அலுவலகமே 2019ல் இணையத்தில் வைத்த டாஷ்போர்டை, அதாவது வழக்குகளின் எண்களைக் காட்டும் தளத்தை. இலவசம்தான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாள் முழுக்க எக்செல்லோடு மாரடிக்கிற வேலை எனக்கு. ஒரு அரசு அலுவலகம் தன் கணக்கைத் தானே இப்படி விரித்து வைத்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும்.

கைது, குற்றச்சாட்டு, பிணை, வழக்கின் முடிவு, தண்டனை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பக்கம். கிராஸ்னர் பதவிக்கு வந்தது 2018 ஜனவரியில். அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களும் இருப்பதால், பழைய நிர்வாகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நான் அதிக நேரம் செலவிடுவது பிணைப் பக்கத்தில். இங்கே பிணையை நிர்ணயிப்பவர் மேஜிஸ்திரேட். வீடியோ வழியாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 5,000 டாலர் என்று சொன்னால், அதில் பத்து சதவீதம், அதாவது 500 டாலர் கட்டினால் வெளியே வரலாம். கையில் 500 இல்லாதவர், குற்றம் நிரூபிக்கப்படாமலே ஸ்டேட் ரோடு சிறையில் கிடக்க வேண்டியதுதான். வேலை போகும், வாடகை பாக்கி விழும். 2018 பிப்ரவரியில், 25 வகைச் சிறு குற்றங்களுக்கு இனி பணப் பிணை கேட்க மாட்டோம் என்று அலுவலகம் அறிவித்தது. ஆரேலி ஊஸ், மேகன் ஸ்டீவன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். வாய்தாவுக்கு வராமல் போவதோ, மறுபடி கைதாவதோ கூடியதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம், கடுமையான குற்றச்சாட்டுகளில் 9,99,999 டாலர் பிணை கேட்க 2020ல் முடிவெடுத்ததும் இதே அலுவலகம்தான். விருந்து வீட்டுச் சண்டையில் இதை யாரும் சொல்வதில்லை.

தண்டனைப் பக்கத்தில் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்பதோடு நிற்காமல், விதித்த தண்டனைகளையெல்லாம் கூட்டி, இனி கழிக்கப்போகும் சிறை ஆண்டுகள் எத்தனை என்று காட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒரு நகரம் தன் மக்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் காலம் எவ்வளவு என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

வழக்கு முடிவுகளின் பக்கம் அலுவலகத்துக்கே சங்கடமானது. தள்ளுபடியான வழக்குகளும் திரும்பப் பெற்ற வழக்குகளும் அங்கே வெளிப்படையாக நிற்கின்றன. மறைக்காததற்குப் பாராட்டு. ஆனால் சாட்சி வரவில்லையா, போலீஸ்காரர் வரவில்லையா, ஆதாரமே பலவீனமா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது. அதனால் எதிர்ப்பவர் அதையே கத்தியாக்குகிறார், ஆதரிப்பவர் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்.

கொலை எண்ணிக்கையும் இப்படித்தான் பந்தாடப்படுகிறது. 2021ல் 562 கொலைகள், இந்த நகரம் அதுவரை காணாத எண். அடுத்த ஆண்டு நவம்பரில் மாநிலப் பிரதிநிதிகள் சபை கிராஸ்னர் மீது பதவி நீக்கம் கோரும் குற்றச்சாட்டுத் தீர்மானமே நிறைவேற்றியது. 2024ல் கொலைகள் 269 ஆகக் குறைந்தன. 562க்கு அவர்தான் காரணம் என்றவர்கள் 269ஐப் பற்றிப் பேசவில்லை; 269ஐக் கொண்டாடுகிறவர்கள் 562ஐத் தொற்றுக்காலத்தின் தலையில் கட்டுகிறார்கள். கொலை எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு டிஏவை எடை போடாதீர்கள். 2020ல் இங்கே ஆளைக் கொல்லாமல் காயப்படுத்திய துப்பாக்கிச்சூடுகளில் ஐந்தில் ஒரு பங்கில்கூட போலீஸ் துப்புத் துலக்கவில்லை. பிடிபடாதவர் மீது எந்த டிஏ வழக்குப் போட முடியும்?

புதிதாகத் திறப்பவர்கள் ஒரு வாரத்து எண்ணைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரே வகைக் குற்றத்தைத் தேர்ந்தெடுத்து, கோர்ட் முடங்கிக்கிடந்த 2020ஐத் தனியாக ஒதுக்கிவிட்டு, ஆண்டு ஆண்டாகப் பாருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. கைவிட்ட துப்பாக்கி வழக்குகளுக்கு மட்டுமாவது, ஏன் கைவிட்டார்கள் என்று ஒரு பத்தி சேர்க்கட்டும். மீதி ஒன்றையும் தந்துவிடுகிறேன்.