பழைய பலேனோ, 440 சிசி இன்ஜெக்டர், ஸ்பீடுயினோ: பெங்களூரில் ஓட்டிப் பார்த்த வகையில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். ஸ்பீடுயினோ, அதாவது இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர், நல்ல பெட்டி, கொடுக்கிற காசுக்கு ரொம்பவே நல்ல பெட்டி. ஆனால் வண்டி சிக்னலில் அணையாமல் நிற்குமா என்பது பெட்டியின் கையில் இல்லை, அதில் எண்களைச் சரிப்படுத்தி ட்யூன் பண்ணுகிற ஆளின் கையில் இருக்கிறது.

என் வண்டி மாருதியின் அந்தக் காலத்து பலேனோ, 1.6 லிட்டர் செடான் (இப்போது தெருவுக்குப் பத்து ஓடுகிற ஹேட்ச்பேக் இல்லை). சின்ன டர்போ ஒன்று போட்டு 0.6 பார் பூஸ்டில் (காற்றை அவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் உள்ளே தள்ளி) ஓடுகிறது. பூஸ்ட் வந்தால் காற்று கூடும், காற்று கூடினால் பெட்ரோல் கூட வேண்டும், பெட்ரோலைத் தெளிக்கிற கம்பெனி இன்ஜெக்டர் அதற்குப் பத்தாது. முன்பு ஒரு கடையில், ஊரில் நல்ல பேர் உள்ள கடைதான், பெரிய இன்ஜெக்டரை மாட்டி, பழைய கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு பிக்கிபேக் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஃபுல் த்ராட்டிலில் பறந்தது. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது) பெட்ரோல் நாற்றம், கரி பிடித்த பிளக், ஏசி போட்டால் மிஸ்ஸிங். "பெர்ஃபாமன்ஸ் வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று பதில் வேறு.

இல்லை, அப்படி இருக்கத் தேவையில்லை.

இப்போது செய்து கொடுத்தவர் ஓசூர் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட்டில் வேலை செய்கிற கிருஷ்ணகிரிக்காரர். வண்டியின் பவரை அளக்கிற டைனோ மெஷின் கிடையாது, வாசலில் பெரிய போர்டும் கிடையாது. ஆயிரம் சிசி இன்ஜெக்டர் போடலாமா, பிற்காலத்துக்கு உதவுமே என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். 440 சிசி இன்ஜெக்டர் (நிமிடத்துக்கு 440 மில்லி தெளிப்பது) என்றால் இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்பும்போது அதற்கான பெட்ரோலைக் கொடுக்க ஏறக்குறைய 6 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். ஐடிலில் மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகிற குழாயில்) காற்று கொஞ்சம்தான் இருக்கும், அதனால் 1 மில்லி செகண்ட் பெட்ரோல் போதும். ஆயிரம் சிசி போட்டால் அதே வேலைக்கு அரை மில்லி செகண்டுக்கும் கீழே போய்விடும், அவ்வளவு குட்டித் திறப்பில் எந்த இன்ஜெக்டரும் ஒரே அளவாகத் தெளிக்காது. மேல் பக்கம் பார்த்தால், 6500 ஆர்பிஎம்மில் ஒரு முழு சைக்கிளுக்கு, அதாவது இன்ஜினின் இரண்டு சுற்றுக்கு, 18 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல் நேரம் இருக்கிறது, பூஸ்டோடு சேர்த்தாலும் 440 அதில் பதினொன்றைத்தான் எடுக்கும். டியூட்டி, அதாவது இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்தின் பங்கு, அறுபது சதவீதம். எண்பதைத் தாண்டினால்தான் கவலை. "அப்புறம் எதுக்கு சார் ஆயிரம்?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து அவர் செய்ததற்காகவே இந்த ரிவ்யூ. வாங்கி வந்த இன்ஜெக்டரை வண்டியில் மாட்ட விடவில்லை. ஜேசி ரோடு பக்கம் இன்ஜெக்டர் கிளீனிங் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நாலு கண்ணாடிக் குழாய் வரிசையாக நிற்கிற மெஷின் அது, இன்ஜெக்டர்களை மேலே பொருத்தி 3 பார் பிரஷரில் ஓட விடுவார்கள். முதல் ஓட்டத்திலேயே மூன்றாவது குழாய் மட்டும் மற்றதைவிடத் தெளிவாகக் கீழே நின்றது. நான் புதுசு என்று நம்பி ஆன்லைனில் வாங்கிய செட்டில் ஒன்று அரைகுறை. அதை மாற்றிய பிறகுதான் நிஜமான சோதனை. 3 மில்லி செகண்ட் வீதம் ஆயிரம் தடவை தெளிக்கவிட்டால் குழாயில் 15 மில்லி. 6 மில்லி செகண்ட் வீதம் ஆயிரம் தடவை விட்டால் 30 தானே வரவேண்டும்? வந்தது 37. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கரண்ட் வந்த பிறகு ஊசி மேலே எழுவதற்கே ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் வீணாகிறது, அந்த நேரத்தில் பெட்ரோல் வராது. இதைத்தான் டெட் டைம் என்கிறார்கள். இதே சோதனையை வோல்டேஜைக் குறைத்து 12-லும் 11-லும் திரும்ப ஓட்டி, எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இதில் என்ன இவ்வளவு என்று தோன்றலாம். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷனில் மாலை ஏழு மணிக்கு நில்லுங்கள், புரியும். ஹெட்லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கிறது, 14 வோல்ட் 12.5-க்கு இறங்குகிறது. டெட் டைம் கால் மில்லி செகண்ட் கூடிவிடும். ஐடிலில் நமக்கு வேண்டிய பெட்ரோலே 1 மில்லி செகண்ட்தான், அதில் கால்வாசி காணாமல் போனால் வண்டி லீன் ஆகி (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் பத்தாமல்) தடுமாறி அணையும். பழைய கடைக்காரர் இதற்குத்தான் பெட்ரோலை அள்ளி ஊற்றி வைத்திருந்தார். இப்போது வோல்டேஜுக்கு ஏற்ற டெட் டைம் கணக்கு பெட்டியிலேயே இருப்பதால் ஃபேன் சுற்றினாலும் ஐடில் முள் லேசாக அசைவதோடு சரி.

கோல்ட் ஸ்டார்ட்டுக்காக வண்டியை ராத்திரி ஷெட்டிலேயே விடச் சொன்னார். ஏன் இவ்வளவு நாள் என்று சலித்துக்கொண்டேன். "சார், ஃபுல் த்ராட்டில்ல ஓட வைக்க யார் வேணா செய்வாங்க. காலைல குளிர்ல ஒரே செல்ஃப்ல எடுக்கணும்ல? அதை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பாக்க முடியும்" என்றார். உண்மைதான், ஒரு தடவை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும், அடுத்த சோதனை மறுநாள் காலையில்தான்.

பெட்டியைப் பற்றி. ஸ்பீடுயினோ ஓப்பன் சோர்ஸ் (வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது), உள்ளே இருப்பது ஆர்டுயினோ மெகா 2560 என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு. ஹால்டெக், லிங்க் போன்ற பிராண்டு பெட்டிகளின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ரொம்பக் குறைவு. ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் 16-க்கு 16 கட்டமுள்ள பெட்ரோல் டேபிளை லேப்டாப்பில் பார்த்துத் திருத்தலாம். இலவசப் பதிப்பே கைட்யூனிங்குக்குப் போதும், புகையிலிருந்து கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சாரைப் பார்த்துத் தானாகத் திருத்துகிற வசதிக்குத்தான் காசு கட்ட வேண்டும். கட்டிவிடுங்கள், நேரம் மிச்சம். ஹை இம்பீடன்ஸ் (மின்தடை அதிகமுள்ள) இன்ஜெக்டர் என்றால் நேரடியாக ஓட்டும், லோ இம்பீடன்ஸ் என்றால் நடுவில் ரெசிஸ்டர் போட வேண்டும்.

குறைகளும் உண்டு. இன்ஜின் ஓடும்போது லேப்டாப் கேபிளைச் செருகி மென்பொருளை இணைத்தால் ஆர்டுயினோ ரீசெட் ஆகி வண்டி அணையலாம், ஓட்டிக்கொண்டே செருகாதீர்கள். என் போர்டில் நாக்கிங்கை (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பதை) கண்டுபிடிக்கிற நாக் சென்சாருக்கு வழி இல்லை, அதனால் பூஸ்டில் இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) ரொம்பப் பின்வாங்கித்தான் வைத்திருக்கிறோம், கொஞ்சம் பவர் அங்கே போகிறது. தண்ணீர் படாமல் டேஷ்போர்டுக்குள் வைக்க வேண்டும். ஹார்னஸை (ஒயர் கட்டை) ஒவ்வொரு ஒயராக நாமே இழுக்க வேண்டும், அந்த வேலைக்கே கூலி அதிகம்.

அப்புறம் பாரோ, அதாவது வெளிக்காற்று அழுத்தம். தனி சென்சார் இல்லையென்றால், இன்ஜின் எடுப்பதற்கு முன் மேப் சென்சார் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) காட்டும் அழுத்தத்தையே இது வெளிக்காற்று அழுத்தம் என்று வைத்துக்கொள்ளும். பெங்களூர் 900 மீட்டர் உயரம், இங்கே 91 கிலோபாஸ்கல். நிறுத்தாமல் சென்னை வரை இறங்கினால் அங்கே 101. பெரிய கோளாறு வராது, ஆனாலும் வாணியம்பாடி பக்கம் ஒரு டீக்கு நிறுத்தி எடுத்தால் பெட்டிக்கும் நல்லது.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது ஈ20 (இருபது சதவீதம் எத்தனால்), அதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண் பொருந்தாது, 13.5 பக்கம் வருகிறது. பழைய பெட்ரோலுக்குப் போட்ட டேபிளை அப்படியே வைத்திருந்தால் ஏழெட்டு சதவீதம் லீனாக ஓடும், பூஸ்டில் அது பிஸ்டனுக்கு ஆபத்து. இவர் எல்லாவற்றையும் லாம்டாவில்தான் (எந்தப் பெட்ரோலானாலும் அதற்குச் சரியான கலவையை 1 என்று வைத்துக்கொள்கிற அளவு) பார்க்கிறார், பூஸ்டில் 0.8 பக்கம். உங்கள் ட்யூனர் இன்னும் 14.7 என்று பேசிக்கொண்டிருந்தால் எந்தப் பெட்ரோலுக்கு என்று கேளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, இன்சூரன்ஸ்காரரும் கைவிரிப்பார். என் வண்டி இனி டிராக்குக்குத்தான். இப்போதுள்ள ட்யூனை ரோட்டில் சரிபார்த்ததோடு சரி, அடுத்து சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றித்தான் போகப்போகிறேன்.

இவரிடம் ஒரே மனத்தாங்கல், போன் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் லாக் ஃபைலை (ஓடும்போது பெட்டி பதிந்த எண்களை) அனுப்பினால் மட்டும் ராத்திரி பதினொன்றுக்குப் பதில் வரும். ஏசி கம்ப்ரஸர் சேரும் நொடியில் ஐடில் இன்னும் ஒரு தடவை குனிந்து நிமிர்கிறது, அதற்கு ஐடில் வால்வு செட்டிங்கை மாற்றி ஒரு ஃபைல் அனுப்புகிறேன் என்றார். காத்திருக்கிறேன்.