மடிக்கணினியின் அடியில் மூன்று முத்திரைகள்

இரவு பத்து மணிக்கு மேல் மத்திய அலையில் தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்பது என் நெடுநாள் பழக்கம். ஒருநாள் மேசையருகே மலிவாக வாங்கிய சார்ஜர் ஒன்றைச் செருகினேன். அலைவரிசை முழுவதும் ஒரே உறுமல். பிடுங்கினால் அமைதி, செருகினால் மறுபடியும் உறுமல். அந்தச் சார்ஜரின் முதுகில் ஐரோப்பாவின் சி.இ. முத்திரை பளிச்சென்று அச்சாகியிருந்தது. மின்காந்தக் குறுக்கீட்டுக்கான, அதாவது ஒரு கருவி கசியவிடும் அலை இன்னொன்றைக் கெடுப்பதைத் தடுப்பதற்கான, முத்திரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தேடத் தொடங்கியது அந்த இரவில்தான்.

உங்கள் மடிக்கணினியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று அடையாளங்கள் இருக்கும்: அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யுடையது, ஐரோப்பாவின் சி.இ., ஜப்பானின் வி.சி.சி.ஐ. முதல் இரண்டுக்கும் பின்னால் சட்டம் நிற்கிறது. மூன்றாவது, தொழில்துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

கருவி கசியவிடும் மின்காந்த இரைச்சலுக்கான வரம்பில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஐரோப்பாவும் ஜப்பானும் 1934இல் உருவான சிஸ்பிர் என்ற பன்னாட்டுக் குழுவின் வரம்புகளைப் பின்பற்றுகின்றன. வீட்டுக்கான ‘பி’ வகுப்புக் கருவி, 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, பத்து மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 32 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் கசியவிடக் கூடாது. அமெரிக்கா மூன்று மீட்டரில் அளந்து, 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை 100 மைக்ரோவோல்ட் என்கிறது. தூரத்தைக் கணக்கில் கொண்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே யார் அளக்கிறார், அளந்ததை யார் மறுபடி சரிபார்க்கிறார் என்பதில்தான் இந்த மூன்றும் முக்கியமாகப் பிரிகின்றன.

அமெரிக்கா 1979இல் கணினிகளுக்கு விதி வகுத்தது. வீட்டுக் கணினிகள் பக்கத்துத் தொலைக்காட்சியைக் கெடுத்த காலம் அது. 2017 நவம்பரில் நடைமுறை தளர்ந்தது. வானொலி அலை அனுப்பும் பகுதிகளுக்கு முறையான சான்றிதழ் இன்றும் தேவை. சாதாரணக் கணினிக்கும் துணைக்கருவிக்கும், விதிக்கு உட்பட்டது என்று பொறுப்பாளர் ஒருவர் அறிவித்தால் போதும். அவர் அமெரிக்காவில் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும் என்பதில்லை. முத்திரை பொறிப்பதும் விருப்பத்துக்கு விடப்பட்டது. எனவே அது இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கருவியிடம் அதிகம் எதிர்பார்ப்பது சி.இ.தான். 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமான ஐரோப்பிய விதி, கருவி இரைச்சல் எழுப்பாமல் இருந்தால் மட்டும் போதாது, பிறர் எழுப்பும் இரைச்சலையும் தாங்க வேண்டும் என்கிறது. விரல் நுனியின் நிலைமின்சாரத்துக்கோ பக்கத்தில் பேசும் வாக்கி டாக்கிக்கோ அது தடுமாறக் கூடாது. மற்ற இரண்டும் இதைக் கேட்பதில்லை. ஆனால் முத்திரையைக் குத்துபவர் தயாரிப்பாளரே. ஆவணங்களைப் பத்தாண்டு பாதுகாக்க வேண்டும். அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். நம் ஊர்க் கடைக்கு நேராக வந்து சேரும் சார்ஜரிடம் எந்த ஐரோப்பிய அதிகாரி கேட்கப் போகிறார்? சட்டம் மிக அகலமானது. இங்கு வாங்குகிறவருக்கு அந்த முத்திரை மட்டும் தரும் உறுதியோ மிகக் குறைவு.

என்னை வியக்க வைத்தது ஜப்பானின் வழி. பிளக்கில் செருகும் வீட்டு மின்சாதனங்களுக்கு அங்கும் சட்டம் உண்டு. கணினி வகைக் கருவிகளை மட்டும் தொழில்துறையின் பொறுப்பில் விட்டார்கள். 1985 டிசம்பரில் தொழில் சங்கங்கள் கூடி வி.சி.சி.ஐ. அமைப்பைத் தொடங்கின. உறுப்பினரான நிறுவனம், அமைப்பில் பதிவு பெற்ற அளவீட்டுக் கூடத்தில் கருவியை அளந்து, அறிக்கை கொடுத்து, அதன் பிறகே அடையாளத்தைப் பொறிக்கிறது. அதோடு முடிவதில்லை. விற்பனைக்கு வந்த கருவிகளில் சிலவற்றை அமைப்பே எடுத்து மறுபடி அளக்கிறது. ஆய்வகத்துக்குப் போகும் மாதிரியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும் வடிகட்டியும் இருந்து, கடைக்கு வரும் பெட்டியில் அவை காணாமல் போனால், அதைப் பிடிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தானாக முன்வந்து போட்ட கட்டுப்பாட்டில் இவ்வளவு கறார் இருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. இது உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்றவர்மேல் அபராதம் விதிக்க அதிகாரம் இல்லை. அடையாளத்தைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. அலுவலகம், தொழிற்சாலை போன்ற இடங்களுக்கான ‘ஏ’ வகுப்புக் கருவிக்கும் அடையாளம் உண்டு. அதன் வரம்பு ‘பி’யைவிடப் பத்து டெசிபல், அதாவது மூன்று மடங்குக்கும் சற்று மேல், தளர்வானது. குடியிருப்பில் வைத்தால் வானொலிக்கு இடையூறு வரலாம், சரிசெய்யும் பொறுப்பு பயன்படுத்துபவர்மேல் விழலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

இங்கே மடிக்கணினியில் காணும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பாதுகாப்புக்கானது: மின்னதிர்ச்சி, தீ போன்றவை. இரைச்சலைப் பற்றி அது பேசுவதில்லை. அதனால் என் தேர்வு இதுதான்: வீட்டில் வைக்கும் கணினிக் கருவியில் வி.சி.சி.ஐ. ‘பி’ இருந்தால் அதற்கே முதலிடம். இல்லையென்றால், பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் கையேட்டில் தெளிவாக அச்சிட்ட எஃப்.சி.சி. அறிவிப்பு. சி.இ. மட்டும் தனியாக இருந்தால், சட்டைப்பை வானொலியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கருவியை இயக்கச் சொல்லி, ஒரு முழ தூரத்தில் வைத்துக் கேட்கிறேன்.