பலகார பவுச்சில் ஆத்தங்குடிக் கல்: நாள்பட உழைத்ததும் வெளுத்துப்போனதும்

காரைக்குடிப் பக்கம் தேன்குழல் விற்றாலும் மசாலாப் பொடி விற்றாலும் லேபிளில் முதலில் வந்து உட்காருபவை தேக்குத் தூண், நிலைவாசல், கஜலட்சுமி. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கடைக்குக் கடை அதுவே என்றால் எது யாருடைய சரக்கு என்று வாங்குபவருக்குப் பிடிபடாது. அதிலும் கஜலட்சுமி வீட்டு முகப்பின் உச்சியில், அண்ணாந்து பார்க்கச் செய்த சுதை வேலை. இரண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கருக்குச் சுருக்கினால் மை அப்பிய திட்டுதான் மிஞ்சும். வாட்ஸ்அப் டிபி வட்டத்தில் இரண்டு யானைகளும் வெட்டுப்படும்.

லேபிளில் நாள்பட உழைப்பது ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமென்ட் கல். கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த மணல்-சிமென்ட் கலவை, அதன்மேல் சாந்து. இறுகியதும் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள், சூளை கிடையாது. கையால் குழம்பு ஊற்றும் வேலையில் மயிரிழைக் கோடு நிற்காது. அதனால் வடிவம் பெரிதாகவும் நிறம் மூன்று நான்குக்குள்ளும் அடங்கிவிடுகிறது. பிரஸ்காரர் கேட்பதும் இதைத்தான். கிராவூரில், அதாவது வடிவம் பொறித்த உருளைகளால், அச்சாகும் பவுச்சுக்கு நிறத்துக்கொரு சிலிண்டர் வெட்ட வேண்டும். ஒரு நிறம் குறைந்தால் ஒரு சிலிண்டர் செலவு மிச்சம்.

ஆனால் கல்லைப் போட்டோ எடுத்து அப்படியே டிரேஸ் செய்தால் ஒரு வம்பு உண்டு. கல்லில் நிறமும் நிறமும் கோடில்லாமல் ஒட்டி நிற்கும். பவுச் பிலிம் ஓடும்போது சற்று இழுபட்டு நகர்ந்தால் நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். பக்கத்து நிறங்களை 0.2 மில்லிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். அல்லது அடர்நிறக் கோடு ஒன்றை இடையில் ஓடவிடுங்கள். சீல் விழும் ஓரத்தில் 10 மில்லிமீட்டருக்குப் பூ வேண்டாம், சூட்டில் சுருங்கிக் கோணலாகும். 100 கிராம் பவுச்சின் அகலத்துக்கு நான்கு கல் போதும். பத்து, பன்னிரண்டு என்று நெருக்கினால் லுங்கித் துணி மாதிரி ஆகிவிடும். எம்.ஆர்.பி., 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், பச்சைப் புள்ளி வரும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டே பூவைப் பரப்ப வேண்டும்.

நிறத்துக்குக் கண்டாங்கியைப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு மூன்றும் சம பங்கில் வருவதில்லை. ஒன்று ஆளும், மற்றவை கரையிலும் கட்டத்திலும் எட்டிப்பார்க்கும். டிசைனர்கள் நிறத்தை எடுத்துக்கொண்டு இந்த விகிதத்தை விட்டுவிடுகிறார்கள். பாதி லேபிள்கள் கண்ணைக் குத்துவது அதனால்தான்.

வெயில் வேறு கணக்கு. பிளக்ஸ் போர்டில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். அரக்கு இவை இரண்டையும் நம்பி நிற்கும் நிறம் என்பதால் மங்கிய பழுப்பாகிவிடும். தெற்கும் மேற்கும் பார்த்த கடைக்குப் பிளக்ஸ் வேண்டாம். நிறம் ஊறிய வினைல் ஷீட்டை வெட்டி ஒட்டலாம், தகரத்தில் இனாமல் பெயிண்டும் அடிக்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய இனாமல் போர்டு கிடைத்தால் நின்று பாருங்கள்: அது பெயிண்ட் அல்ல, சூட்டில் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு என்பதால் நிறம் அப்படியே இருக்கும். இரண்டு நிறம், ஒரு பெயர், சுற்றி ஒரு பட்டை. தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படிக்கலாம். எங்கள் கணக்கில் இணையத்தில் நூறு லோகோ புரட்டுவதைவிட அது மேல்.

பழுப்பு கிராஃப்ட் அட்டை, ஓலையில் முடைந்த கொட்டான் கூடையை நினைவூட்டும் என்று பலரும் எடுக்கிறார்கள். ஆஃப்செட் மை ஒளி ஊடுருவும். மாம்பழ மஞ்சள் அதில் சேற்று நிறமாகும். அடியில் வெள்ளை ஒரு கோட் அடித்தால்தான் எடுபடும். அதிரசம், மனகோலத்தின் எண்ணெய் அட்டையில் ஊறி லோகோமேலேயே கறை வரும். உள்ளே லேமினேஷன் கட்டாயம். வெறும் பட்டர் பேப்பர் ஒரு வாரம் தாங்காது.

அதிகம் சொதப்புவது தமிழ் எழுத்து. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்தைக் கோத்து அமைக்கும் வசதி) இயக்காவிட்டால் ‘கொட்டான்’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடில் அடித்து, படித்துச் சரிபார்த்து, எழுத்தை அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றிய பின்பே பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள். மாற்றாத ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும். அடர்நிறத்தில் வெள்ளை எழுத்து என்றால் 8 பாயிண்ட் அளவுக்குக் கீழே போகாதீர்கள். ‘ண’, ‘ளை’ போன்றவற்றின் சுழி மையில் அடைத்துக்கொள்ளும்.

பெயரை வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிவு செய்வது பற்றி ஒரு வார்த்தை. முறுக்கு, சீடை வகை 30-ஆம் வகுப்பில் வரும். ‘செட்டிநாடு’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் தனக்கென்று பதிவு செய்வது கடினம், 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கடைப் பெயரையும் பூ வடிவத்தையும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.