எகிப்தைப் படிக்க எந்த ஆங்கில இதழ்: ஈஜிப்ஷியன் கெஜட்டா, அல்-அஹ்ராம் வீக்லியா?

இரண்டுமே அரசுக்குச் சொந்தமான பதிப்பகங்களின் இதழ்கள். ஆனால் பிறப்பு வேறு, குணமும் வேறு.

கெஜட் 1880-இல் அலெக்சாந்திரியாவில் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய நாளேடு. பிறகு கெய்ரோவுக்கு வந்தது. மன்னராட்சியைக் கவிழ்த்த நாசர் காலப் புரட்சிக்குப் பின் அல்-கும்ஹூரியா என்ற அரபு நாளேட்டை நடத்தும் தாருல் தஹ்ரீர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிரிட்டிஷ்காரர்களின் குரலாகப் பிறந்த ஏடு, எகிப்து அரசின் குரலாக மாறியது எனக்கு இன்றும் வியப்புதான். பழைய எகிப்தை ஆராய்பவர்களுக்கு அதன் பழைய பிரதிகள் பொக்கிஷம்: கப்பல் வரவு, பருத்தி விலை, அந்தக் காலத்து வெளிநாட்டவர் வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. இன்றைய செய்திக்கு வந்தால், அதிபர் யாரைச் சந்தித்தார், அமைச்சர் எதைத் திறந்து வைத்தார் என்பதே முன்னால் நிற்கும். அரசு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அல்-அஹ்ராம் வீக்லி 1991-இல்தான் வந்தது. வார இதழ் என்பதால் நிதானமாக எழுத இடம் இருந்தது. பாலஸ்தீன-அமெரிக்கச் சிந்தனையாளர் எட்வர்ட் செய்த், இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்து அதில் எழுதினார். நோபல் பரிசு பெற்ற எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸின் எண்ணங்களும் உரையாடல் வடிவில் வெளிவந்தன. உள்நாட்டு ஆட்சியைத் தொடும்போது அதுவும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இலக்கியம், பாலஸ்தீனம், தொல்லியல் என்றால் நான் முதலில் வீக்லியைத்தான் எடுப்பேன். தேதிவாரியாக ஒரு நிகழ்வைச் சரிபார்க்க வேண்டுமா? அப்போது கெஜட்.