அறிவாய்வியலுக்கு எந்த எம்.ஏ.?

பாம்பனில் அப்பா விடியுமுன் கரையில் நின்று முகத்தில் காற்றை வாங்குவார். "இன்னைக்குக் கச்சான் காற்று ஏறும், வலையை எடுக்காதே" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது அறிவா, பழக்கமா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்விக்காகத்தான் எபிஸ்டமாலஜி, அதாவது அறிவாய்வியல் படிக்கத் தத்துவ எம்.ஏ. தேடினேன்.

முதலில் சேர்ந்த கல்லூரியில் தாளின் பெயர் இருந்தது, நடத்த ஆள் இல்லை. ஒரு வருடம் வீணானது, இன்னும் வலிக்கிறது.

அப்புறம் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.ஏ. இதில் அறிவாய்வியல் தனித்தாள். பாடநூல்கள் அதன் இகியான்கோஷ் இணையதளத்தில் இலவசம் என்பதால் சேருமுன்பே படித்துப் பார்க்கலாம். நான் காட்சி, அனுமானம், உவமானம், சப்தம் என்ற, இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு சொல்லும் நான்கு பிரமாணங்களோடு, அதாவது அறிவைப் பெறும் வழிகளோடு, 1963இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரையையும் சேர்த்துப் படித்தேன். நம்பிக்கை உண்மையாக இருந்து, அதற்குத் தக்க காரணமும் இருந்தாலும், அது தற்செயலாகவே சரியாகியிருக்கலாம், அப்போது அது அறிவாகாது என்கிறார் அவர். அன்று இரவு அப்பாவிடம் நெடுநேரம் காற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச ஆள் வேண்டுமென்றால் தொலைநிலை போதாது. சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை போன்ற நேரடி வகுப்பைப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் இந்த ஆண்டு அந்தத் தாளை யார் நடத்துகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.